போரின் திருப்புமுனையும் கொங்கு நாடும்



வரலாற்றுப் பாடம் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, இரண்டாம் உலகப் போரில் திருப்புமுனையாக அமைந்த போர் எது?" என்பதே அது. ஒரு நூல் ஸ்டாலின்கிராடு என்கிறது. மற்றொன்று எல் அலமீன் என்கிறது. பிறிதொன்று மிட்வே என்கிறது. நம் நாட்டு எல்லையில் நடந்த இம்பால், கோகிமாப் போர்களைச் சொல்வாரும் உளர். இவற்றுள் எதை எழுதுவது என்று மாணவர் திகைப்பது இயல்பே. விடை தேடுமுன், திருப்புமுனை என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும்.

நம் கொங்கு நாட்டு நிலத்திலிருந்தே ஓர் உவமை சொல்லுகிறேன். மின்சார மோட்டார் வருமுன்னர் நம் உழவர்கள் ஆழ்ந்த கிணறுகளில் கவலை பூட்டி நீர் இறைத்தனர். எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு இழுபட, தோற்பறி நிறைந்து மேலே வரும். கோடையில் காலை முழுதும் இறைத்தாலும் நல்ல கிணற்றில் மாலைக்குள் நீர் ஊறிவிடும். ஊற்றுக் குறைந்த கிணற்றிலோ, இறைத்த அளவுக்கு ஊறாத நாள் ஒன்று வரும். அன்றைக்கும் பறி நிறைந்துதான் வரும்; வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கரையில் நிற்பவனுக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் அன்றே அக்கிணற்றின் முடிவு தொடங்கிவிட்டது. இழந்ததை மீண்டும் நிரப்பிக்கொள்ளும் வலிமை ஒரு தரப்புக்கு அற்றுப்போகும் இடமே போரின் திருப்புமுனையாகும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அப்பெரும் போரைப் பார்ப்போம்.

1939 செப்டம்பர் 1-ஆம் நாள் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் போர் அறிவித்தது. அன்றே வைசிராய் லின்லித்கோ பிரபு, இந்தியத் தலைவர் எவரையும் கலந்துகொள்ளாமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். நாற்பது கோடி மக்களைக் கேளாமல் அவர்களைப் போரில் இழுத்த இச்செயலைக் கண்டித்து, அவ்வாண்டு அக்டோபரில் சென்னை மாகாணத்தின் ராஜாஜி மந்திரிசபை உட்படக் காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவி துறக்கலாயின. பின்னர் நம் பகுதியில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தல் வேண்டும்.

1940 கோடைக்குள் பிரான்சு வீழ்ந்தது. டன்கர்க் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3,38,000 வீரர்கள் கப்பல்களிலும் படகுகளிலும் இங்கிலாந்துக்கு மீட்கப்பட்டனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் வானில் நடந்த போரில் ஜெர்மன் விமானப்படை வெற்றி காணவில்லை. ஆயினும் ஐரோப்பாக் கண்டத்தின் பெரும்பகுதி அதன் கையில்தான் இருந்தது. 1941 ஜூன் 22-இல் ஹிட்லர் சோவியத் ரஷ்யாவின்மீது பாய்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 7-இல் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படையைத் தாக்கின. போர் உலகப் போராயிற்று.

அதன்பின் கிழக்கே நடந்தவை மின்னல் வேகத்தில் நடந்தன. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-இல் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. மார்ச் 23-இல் அந்தமான் தீவுகளில் அவர்கள் இறங்கினர். ஏப்ரல் 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ஆம் நாள் திருக்கோணமலை. சென்னைப் பட்டணத்தில் பெரும் பீதி எழுந்தது. இன்றியமையாத பணி இல்லாதோர் நகரைவிட்டு வெளியேறலாம் என அரசாங்கமே அறிவித்தது. அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்க்கப்பட்டன. உயர் நீதிமன்றத்தின் பணி சில காலம் நம் கோயம்புத்தூரில் நடந்தது. பாலக்காட்டுக் கணவாயின் காற்றையும் பருத்திச் சந்தையின் விலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஊரில் உலகப் போர் வந்து நின்றது.

இனி, கரையில் நிற்பவன் கண்ணுக்குத் தோன்றாத அந்த மாற்றத்தைப் பாருங்கள். கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கடற்படையில் ஐந்து பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. அவற்றுள் அக்காகி, சோரியு, ஹிரியு என்னும் மூன்றும், அவற்றோடு ககா என்னும் நான்காவதும், இரண்டு மாதங்களில் பசிபிக் மாக்கடலின் நடுவே மிட்வே தீவுக்கருகில் மூழ்கின. 1942 ஜூன் 4-ஆம் நாள் தொடங்கிய அப்போரில் அமெரிக்கர் இழந்த விமானந்தாங்கி யார்க்டவுன் ஒன்றே. கப்பல் எண்ணிக்கையைவிடப் பெரிய உண்மை அதன் பின்னே இருந்தது. அமெரிக்கக் கப்பல் தளங்களில் புதிய விமானந்தாங்கிகள் வரிசையாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. போர் முடியுமுன் பத்துக்கு மேற்பட்ட பெருங்கப்பல்கள் கடலில் இறங்கின. ஜப்பான் இழந்த நான்குக்கு ஈடு செய்ய அதற்கு இரும்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, காலமும் இல்லை. அங்கே கிணறு ஊறுவது நின்றுவிட்டது.

ஆயினும் இதை அன்று யார் அறிவார்? வெற்றியையும் தோல்வியையும் அரசாங்கங்கள் மறைத்த காலம் அது. ஜப்பானிய மக்களுக்கே மிட்வேயின் உண்மை சொல்லப்படவில்லை. 1942 ஆகஸ்டு மாதத்தில் ஒரு சாதாரண இந்தியனின் கண்ணுக்குத் தெரிந்தது, வங்கக் கடலின் அக்கரை முழுதும் ஜப்பானியர் கையில் இருந்தது என்பதுதான்.

அந்த ஆகஸ்டு மாதத்தின் நாட்காட்டியைச் சற்றுப் புரட்டுவோம். 7-ஆம் நாள் அமெரிக்க வீரர் சாலமன் தீவுகளில் குவாடல்கனாலில் இறங்கினர். 8-ஆம் நாள் பம்பாயில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியற்காலையில் காந்தியடிகளும் பிற தலைவர்களும் சிறைப்பட்டனர். 23-ஆம் நாள் ஜெர்மானியர் வால்கா நதிக்கரையை எட்டினர். ஸ்டாலின்கிராடு நகரம் குண்டுவீச்சில் தீப்பற்றி எரிந்தது. 24-ஆம் நாள், நம் விசாகப்பட்டினத்தின்மேல் விமானங்களை ஏவிய ரியூஜோ என்னும் ஜப்பானியக் கப்பல் சாலமன் தீவுகளுக்கருகில் மூழ்கடிக்கப்பட்டது. 26-ஆம் நாள், நம் சூலூர் விமான நிலையத்தில் தீ எழுந்தது.

தலைவர்கள் சிறைப்பட்டபின் இயக்கம் ஊர் மக்களின் கைக்கு வந்தது. சிங்காநல்லூர் அருகே போர்த் தளவாடம் ஏற்றிச் சென்ற இரயில் அம்மாதத்தில் கவிழ்க்கப்பட்டது. சூலூரைச் சுற்றிய சிற்றூர்களின் தேச பக்தர்கள் இரவில் திரண்டு, படையினருக்காக அமைக்கப்பட்டுவந்த விமான நிலையத்தின் கொட்டகைகளுக்கும் வண்டிகளுக்கும் தீயிட்டனர். அதன்பின் நடந்த அடக்குமுறை கடுமையானது. பலர் சிறை சென்றனர். பல குடும்பங்கள் நீண்ட காலம் துன்புற்றன.

வகுப்பில் இப்பகுதிக்கு வரும்போதெல்லாம் யாரேனும் ஒரு மாணவர் எழுந்து நிற்பார். "ஐயா, ஜப்பானியர் வாசலில் நின்றபோது நம்மவரே நம் விமான நிலையத்தைக் கொளுத்தியது சரியா?" என்பார். நல்ல கேள்வி. இதற்கு ஒரு சொல்லில் விடை கூறும் ஆசிரியர் மாணவர்க்கு நன்மை செய்தவராகார். அன்று கொங்கு நாட்டில் பிறந்த பெரியோரே இதில் ஒருமனப்படவில்லை. திருச்செங்கோட்டருகே காந்தி ஆசிரமம் கண்ட ராஜாஜி, ஜப்பானியரை எதிர்க்க நாட்டில் ஒற்றுமை வேண்டும் என்று கருதி, ஆகஸ்டு இயக்கத்தில் சேராமல் காங்கிரசினின்றும் விலகி நின்றார். அவரைப் போற்றிய பொள்ளாச்சிப் பகுதி சி. சுப்பிரமணியம் அவ்வியக்கத்தில் சிறை புகுந்தார். ஈரோட்டுப் பெரியார் ஈ.வெ.ரா. பிரிட்டனின் போர் முயற்சியை ஆதரித்தார். சோவியத் ரஷ்யா தாக்கப்பட்டதும் பொதுவுடைமைக் கட்சியினர் அதனை மக்கள் போர் என்றனர். நால்வகையினரும் நாட்டின் நன்மையை நாடியே பேசினர். யாருக்கும் முடிவு தெரியாது.

என் கருத்தை மறைக்காமல் சொல்லுகிறேன். சூலூரில் தீயிட்டவர்கள் ஜப்பானியரை வரவேற்க அதைச் செய்யவில்லை. தம்மைக் கேளாமல் தம் நாட்டைப் போரில் இழுத்த ஆட்சிக்கு, தம் நிலத்தின்மீது உரிமை இல்லை என்று அறிவிக்கவே செய்தனர். அதே வேளையில், அந்த ஓடுபாதையை விட்டுவிட்டிருந்தால் ஜப்பானியப் படையெடுப்பைத் தடுத்திருக்க முடியாது என்று அஞ்சியவரின் அச்சமும் பொய்யன்று. இறந்த காலத்து மனிதரை எடைபோடும்போது, அவர்கள் கையில் இருந்த நாட்காட்டியை நாமும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்த 1945-ஐ அவர்களுடைய 1942-இல் கொண்டுபோய் வைத்தல் ஆகாது.

சூலூரின் கதை அத்துடன் முடியவில்லை. கோவையை அடுத்த பீளமேட்டு விமானத் தளத்தில் பிரிட்டிஷ் கடற்படை 'கருடா' என்னும் பெயரில் விமானப் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றை நடத்தியது. சூலூரிலும் 1945-இல் அக்கடற்படை அத்தகைய பணிக்கு இடம் கொண்டது. இலங்கைத் துறைமுகங்களில் தங்கிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்களுக்கு, கடலிலிருந்து விலகிய, மழை குறைந்த, பைக்காரா நீர்மின்சாரமும் இயந்திரத் தொழிலாளரும் கிட்டும் ஊர் ஏற்றதாயிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் கலைக்கப்பட்டிருந்த மதராஸ் ரெஜிமெண்டு இப்போரில் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் பயிற்சி நிலையம் மதுக்கரையில் இருந்து, 1947-இல் நீலகிரியின் வெல்லிங்டனுக்குச் சென்றது. விடுதலைக்குப் பின் சூலூர் இந்தியக் கடற்படையின் விமானத் தளமாயிற்று. இன்று அது இந்திய விமானப் படையின் நிலையம். தீயிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நம் கொடியின்கீழ் பணிபுரிய முடிகிறது என்பதே அவர்கள் கேட்டதற்குக் கிடைத்த விடை.

மீண்டும் போர்க்களங்களுக்குச் செல்வோம். எகிப்தில், எல் அலமீன் என்னுமிடத்தில், 1942 அக்டோபர் 23-இல் தாக்குதல் தொடங்கியது. ஜெர்மானியத் தளபதி ரோமெல் திறமை மிக்கவர். ஆனால் திரிப்போலித் துறைமுகத்திலிருந்து அவர் படைக்குப் பெட்ரோல் வர வேண்டிய தூரம் ஆயிரம் மைலுக்கு மேல். மத்தியதரைக் கடலில் எண்ணெய்க் கப்பல்கள் மூழ்க மூழ்க, அவருடைய டாங்கிகள் மணலில் நின்றுவிட்டன. ஆங்கிலத் தளபதி மான்ட்கோமரியின் படையில் நான்காம் இந்திய டிவிஷனும் இருந்தது.

ஸ்டாலின்கிராடில் நடந்தது இதனினும் கொடிது. நவம்பர் 23-இல் சோவியத் படைகள் இரு புறத்தினின்றும் வந்து கைகோத்து, இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட பகைவரை வளைத்துக்கொண்டன. விமானம் மூலமே உணவும் குண்டும் தருவோம் என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்களித்தார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் வேண்டியிருக்க, சராசரியில் அதில் பாதிகூட வந்து சேரவில்லை. வீரர்கள் தம் குதிரைகளைக் கொன்று தின்றனர். 1943 பிப்ரவரி 2-இல் எஞ்சியோரும் சரணடைந்தபோது சிறைப்பட்டவர் ஏறத்தாழ 91,000. அவர்களுள் என்றேனும் வீடு திரும்பியவர் ஏறத்தாழ 6,000 மட்டுமே. அங்கும் வீரம் குறையவில்லை, ஊற்றுத்தான் வற்றியது.

போரின் ஊற்று உணவும் துணியும் என்றால், அந்த ஊற்றில் நம் மக்களின் பங்கும் இறைக்கப்பட்டது. போருக்கு முன் இந்தியா ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசியை வாங்கி உண்டது. இரங்கூன் வீழ்ந்ததும் அவ்வழி அடைபட்டது. அரசாங்கத்தின் அசட்டையும் பதுக்கலும் விலையேற்றமும் அதனோடு சேர, 1943-இல் வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர் எனக் கணிக்கின்றனர். நம் மாகாணத்தில் அரிசிப் பங்கீடு வந்தது. கம்பும் சோளமும் ராகியும் விளையும் புன்செய் நிலம் இருந்தமை கொங்கு நாட்டு ஏழைக்கு ஓரளவு துணை நின்றது. கோவையின் பஞ்சாலைகள் இரவு பகலாய் ஓடின. படைக்குத் துணி சென்றது. ஊரில் துணி இல்லை. 1943-இல் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. நூல் கிடைக்காமல் கைத்தறி நெசவாளர் தறியை நிறுத்திவிட்டுத் தவித்தனர். ஆலை முதலாளிக்குப் போர் இலாபம் தந்தது. நெசவாளிக்குப் பட்டினி தந்தது. போரைப் படிக்கும்போது இவ்விரு கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இறுதியாக நம் எல்லையின் போருக்கு வருவோம். 1944 மார்ச்சு மாதத்தில் ஜப்பானியத் தளபதி முட்டகுச்சி சிந்துவின் ஆற்றைக் கடந்து இம்பாலையும் கோகிமாவையும் நோக்கிப் படை செலுத்தினார். அவர் வீரர்கள் தோளில் சுமந்தது ஏறத்தாழ மூன்று வார உணவு. வழியில் அறுத்துண்ண மாடுகளை ஓட்டிச் சென்றனர். அவற்றுள் பல ஆற்றோடு போயின. எஞ்சியவை மலைச்சரிவில் மாண்டன. இம்பாலிலுள்ள பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துவிட்டால் உணவுக்குக் குறைவிராது என்பது அவர் கணக்கு. கோகிமாவில் ஏறத்தாழ 1,500 காவலர், பத்து மடங்கு பகைவரை ஏப்ரல் மாதத்தில் இரண்டு வாரம் தடுத்து நின்றனர். டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் ஆடுகளத்துக்கு இப்புறமும் அப்புறமுமாக இரு படைகளும் பதுங்குகுழி தோண்டிப் போரிட்டன. முற்றுகையிடப்பட்ட இம்பாலுக்கு உணவும் குண்டும் விமானத்தில் வந்தன. ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர்க்குக் கைகூடாதது இங்கே தளபதி ஸ்லிம்முக்குக் கைகூடியது. ஜூன் 22-இல் இம்பால் சாலை திறந்தது. ஜப்பானியர் தரப்பில் மாண்டவர் ஏறத்தாழ 30,000. அவர்களுள் பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் மாண்டவர்.

அந்தக் காடுகளில் தமிழர் இரு புறமும் இருந்தனர். ஒரு புறம், பாலமும் பாதையும் அமைத்த மதராஸ் சாப்பர் படையினர். மறு புறம், நேதாஜி சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்தில், மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ் இளைஞர். தோட்டத் தொழிலாளியின் மகள், சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில், ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினாள். அதே தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன பல்லாயிரம் தமிழர், சயாம்–பர்மா இரயில் பாதையின் 415 கிலோமீட்டர் நெடுகிலும் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். அவர்களுக்குத் துப்பாக்கியும் இல்லை, கொடியும் இல்லை. நினைவுக் கல்லில் பெயர் பெற்றவரும் அவர்களுள் அரியர். ஐரோப்பாக் களத்திலும் நம்மவர் இருந்தனர். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோவில், மதராஸ் சாப்பர் படைச் சுபேதார் சுப்பிரமணியம், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து தோழர்களைக் காத்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

எஞ்சிய வரலாறு விரைவில் முடியும். 1944 ஜூன் 6-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. இரங்கூன் மீட்கப்பட்டதும் அம்மாதமே. ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமா, 9-இல் நாகசாகி; செப்டம்பர் 2-இல் ஜப்பான் சரணடையும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. இரண்டு லட்சமாக இருந்த இந்தியப் படை போர் முடிவில் 25 லட்சமாக வளர்ந்திருந்தது. உலகம் கண்டு வந்த அவ்வீரர்களை அடிமை நாட்டில் அடக்கி வைக்க இயலாது என்பதைச் செங்கோட்டை வழக்கும், 1946 பிப்ரவரியில் கடற்படையினர் செய்த கிளர்ச்சியும் ஆட்சியாளர்க்குக் காட்டின. பிரிட்டனின் கிணறும் அப்போரில் வற்றியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் வென்ற அப்பேரரசு, 1947-இல் நம் நாட்டைவிட்டு வெளியேறியது.

மாணவர்களே, தேர்வில் எந்தப் போரை எழுதினாலும் மூன்று கேள்விகளை உடன் எழுதிப் பழகுங்கள். அவ்விடத்துக்கு உணவும் எண்ணெயும் எவ்வழி வந்தன? இழந்ததை எத்தரப்பு விரைவில் ஈடு செய்தது? அதற்கான விலையை யார் கொடுத்தார்? முதலிரண்டு கேள்விகள் திருப்புமுனையைக் காட்டும். மூன்றாவது கேள்வி, பட்டினி கிடந்த நெசவாளியையும், சயாம் காட்டில் பெயரின்றி மாண்ட தொழிலாளியையும், சூலூரின் தீக்காகச் சிறை சென்றவரையும் நினைவூட்டும். ஆகஸ்டு இயக்கத்தில் சிறை புகுந்த சி. சுப்பிரமணியம், 1964 முதல் உணவு மந்திரியாயிருந்து, அயல்நாட்டுக் கப்பலை எதிர்பார்த்து உண்ணும் நிலையிலிருந்து நாட்டை மீட்கும் விதைக்கு வழி வகுத்தார். தன் ஊற்றைத் தானே காத்துக்கொள்ளும் நாடுதான் பிறர் போரில் இழுபடாமல் நிற்கும்.

அக்காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள். உங்கள் ஊரில் அத்தகைய முதியவர் ஒருவர் இருப்பாரானால், இவ்வாரமே சென்று அவரருகில் அமருங்கள். பங்கீட்டுக் கடையையும் துணிப் பஞ்சத்தையும் கேளுங்கள். ஆண்டையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடநூலில் இல்லாத ஒரு பக்கம் உங்கள் கையெழுத்தில் கிடைக்கும்.